பெங்களூரில் சிகிச்சை, தருமபுரியில் வழக்கு

பெங்களூர் ஆஸ்பத்திரியில் தவறான சிகிச்சை நடந்தால் இழப்பீட்டு வழக்கைக் கர்நாடகாவில்தான் போட வேண்டும், நம்ம ஊரில் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏறக்குறைய அதுதான் நிலைமை. எதிர்த் தரப்பு இருக்கும் ஊர், அல்லது சம்பவம் நடந்த ஊர்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பாலக்கோட்டுக்காரர் காசு கட்டிப் பெங்களூரில் ஆபரேஷன் செய்திருந்தால், தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சப்பையில் டிஸ்சார்ஜ் சம்மரியைச் சுருட்டிக்கொண்டு விடியற்காலையில் ரயில் ஏற வேண்டியதில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் சட்டத்தின் பெயரைத் தேடி, 34-ஆவது பிரிவில் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். கடைசியாக வரும் 'டி' கூறு ஒரே வரிதான்: புகார்தாரர் வசிக்கும் இடம், அல்லது அவர் வேலை பார்க்கும் இடம். இங்கிலீஷ் சிரமம் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். வசிப்பிடத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும்.

கெடு இரண்டு வருஷம். 'கர்நாடகா போகணுமாமே' என்று தயங்கியே அதைத் தாண்டிவிடுகிறார்கள், அதனால்தான் எழுதினேன்.