சித்தப்பா, அந்த ‘யெஸ்’ஸை அமுக்குங்க

மோல்மேனில் இருக்கும் சித்தப்பாவின் கம்ப்யூட்டரை ரங்கூனில் உட்கார்ந்து சரி செய்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

“ஸ்கிரீன்ல என்ன தெரியுது சித்தப்பா?”

“எல்லாம் தெரியுதுப்பா. இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு, மூடிட்டேன்.”

அந்த ‘ஏதோ’தானே எனக்கு வேண்டியது!

ரிமோட்டில், அதாவது இங்கிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள், நுழைந்தாலும் நிம்மதி இல்லை. எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் விண்டோஸ் அனுமதி கேட்கும். பாதுகாப்புக்காக அந்த நேரம் என் பக்கம் திரை கறுத்துவிடும். ‘யெஸ்’ அமுக்க வேண்டியவரோ, “நீதானே பாத்துக்கிறே” என்று டீ குடிக்கப் போயிருப்பார்.

இத்தனைக்கும் கோளாறு என்ன? பர்மிய எழுத்து கோணல்மாணலாகத் தெரிகிறதாம். பர்மா 2019 அக்டோபரிலேயே அதிகாரபூர்வமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாறியாயிற்று. பழைய ஜோஜி எழுத்துருவோ அதே குறியீட்டு எண்களில் பலவற்றை வேறு எழுத்துகளுக்கு வைத்திருக்கிறது. அதில் அடித்த கோப்பைப் புது எழுத்துருவில் திறந்தால் குழம்பத்தானே செய்யும்? இதைச் சொன்னால், “வைரஸ்தான், நீ நல்லா பாரு” என்கிறார்.

சரி, மாற்றித் தொலைப்போம் என்று பாதி மாற்றுவதற்குள் அவர் பக்கம் கரண்ட் போய்விட்டது. உடனே போன்: “நீ தொட்டதுக்கு அப்புறம்தான்பா ஆஃப் ஆச்சு!”