கை தூக்கினால் போதுமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து பார்ட்ஸ் ஆர்டர் போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாதவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தும் கடைசி நேரத்தில் கழன்றுகொள்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?

கதவு பீடிங்கையே, அதாவது தண்ணீர் உள்ளே வராமல் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, எந்தக் கடையிலும் கிடைக்காது. ரப்பர் வேலை செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, கெடாமல் இருக்கும் ஒரு துண்டை மாதிரிக்குக் கொடுத்து, அதே வடிவத்தில் டை, அதாவது ரப்பருக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அடிக்கச் சொல்ல வேண்டும். பத்து காருக்குச் செய்தாலும் நூறு காருக்குச் செய்தாலும் அந்த டையின் செலவு ஒன்றுதான். அதனால் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு செட் என்ன விலை என்றே சொல்ல முடியும். "எனக்கும் ஒரு செட்" என்று நீங்கள் கை தூக்கியதை நம்பித்தான் மற்றவர்கள் பணம் போட்டார்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகு "இந்த மாதம் கொஞ்சம் டைட், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்? அடுத்த தடவை ஏது? உங்கள் பங்குக்கும் சேர்த்து முன்பணம் கட்டிய மனிதர் வீட்டில் பீடிங் சுருள் சுருளாகக் கிடக்கிறது. ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகிப்போகும், அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, மழையில் கார் ஒழுக ஆரம்பித்ததும் அதே ஆள் வந்து "மிச்சம் இருக்கா, பழைய விலைக்கே கொடுங்களேன்" என்று கேட்கிறார். கேட்க எப்படி வாய் வருகிறது!

இன்னொரு கூட்டம் "மாஸ்டர் சிலிண்டர் வேண்டும், அவசரம்" என்று வரும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற பாகம் அது. எந்த வருடம் என்றால் "பழைய மாடல்தான்". ஒரே மாடலில், சில சமயம் ஒரே வருடத்துக்குள்ளேயே, அதன் போர் அளவு, அதாவது உள்விட்டம், மாறியிருக்கும். சேசிஸ் நம்பர் அனுப்புங்கள் என்று கெஞ்சினால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைப் போட்டு அனுப்புவார்கள். 1980களுக்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் இருக்கும் 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளையே விலக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காகவே. பானெட்டைத் திறந்து தகட்டைப் பார்த்து எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? தப்பான பார்ட் வந்து சேர்ந்தால் திட்டு வாங்குவது தேடிக் கொடுத்தவர்.

சரி, எல்லோரும் பழைய கார்களில் வரிசையாகக் கிளம்பும் ட்ரைவுக்கு வருவோம். ஆர்டரில் காணாமல் போனவர்கள் இங்கே முதல் ஆளாக நிற்பார்கள். டேங்க்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பெட்ரோல் போட ஒதுங்குவார்கள். பின்னால் வருகிற கார் கண்ணாடியில் தெரிய வேண்டும், திருப்பத்தில் அது வரும்வரை நில்லுங்கள் என்பது ஒன்றுதான் நாங்கள் கேட்பது. எல்லோரும் அதைச் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள். நடுவில் ஒருவர் வேகம் காட்டி முன்னால் பாய்ந்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் தனித்தனியாகச் சிதறிப்போகிறோம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன ட்ரைவில் மலை இறக்கத்தில் ஒருவர் காரில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினார். அவருக்கு முன்னால் போன காரில் குழந்தைகள் இருந்தார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், கார் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையாம்! அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. அவர் டயரையும் பார்த்தேன். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2309. அதாவது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பெயின்ட்டுக்கு மட்டும் அத்தனை பளபளப்பு!

இனி டை அடிக்கச் சொல்வதற்கு முன்பே முழுப் பணமும் கைக்கு வர வேண்டும், வராதவர் பெயர் கணக்கில் கிடையாது. கிளம்புகிற இடத்தில் ஒவ்வொரு காரின் டயர் தேதியையும் நானே குனிந்து பார்ப்பேன். பிரேக் ஆயில் மாற்றிய பில்லைக் காட்டாதவர் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி.