படிவத்தில் நான் எழுதிய சொல்

பதினைந்து வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு எரிபொருள் போக்குவரத்து ஒப்பந்தக்காரரிடம் லிகிதராக இருந்தேன். பவுசர்களை, அதாவது எரிபொருள் கொண்டுபோகும் தாங்கி லொறிகளை, எண்ணெய் ஏற்ற டிப்போவுக்கு அனுப்புவது, டெலிவரி சிட்டைகளைச் சேர்ப்பது, டிரைவர்களின் டிரிப் கணக்குப் பார்ப்பது. யாருக்காவது அடிபட்டால் படிவம் நிரப்புவதும் என் தலையில்தான் விழும். அந்தப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதற்குள் அடங்குகிற சொல் ஒன்றுதான்: கவனயீனம்.

மழைக்காலம். 13,200 லீற்றர் பவுசர் ஒன்று காலையிலேயே ஒரு பெற்றோல் ஷெட்டுக்குப் போனது. இறக்குவதற்கு முன் பவுசர் தாங்கியின் ஒவ்வோர் அறையிலும் டிப் குச்சி விட்டு அளவு பார்க்க வேண்டும் என்று ஷெட் முதலாளிகள் நிற்பார்கள். அதில் பிழை சொல்ல முடியாது, காசு கொடுத்து வாங்குகிறவர்கள். உதவியாளராகப் போன ஹட்டன் அண்ணன் மேலே ஏறினார். ஈரம், மூடியைச் சுற்றி டீசல் படிந்த தகடு, பிடிக்க ஒரு கம்பி கிடையாது. கொங்கிரீட் தரையில் விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது.

முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்து, விடிகாலை நான்கு மணிக்கு மறுபடி டிப்போ வரிசையில் நின்றவர் அவர். வருகைப் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது, எனக்குத் தெரியும். மேலாளர் வந்து, “கவனயீனம் எண்டு போடும், விசயம் முடிஞ்சுது” என்றார். போட்டேன். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அண்ணன் என்னிடம், “சப்பாத்து அடி தேஞ்சிருச்சு தம்பி, வெறுங்காலோட ஏறியிருந்தா விழுந்திருக்க மாட்டேன்” என்றார். அவருக்கும் தன்மேல்தான் கோபம். அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லே கொழும்பில் நமக்கு வேறு மாதிரித்தான் காதில் விழுகிறது. 1995 ஒக்டோபர் 20இல் கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புக் கிடங்குகள்) தாக்கப்பட்டு எரிந்தபோது நகரத்தின் மேல் எழுந்த கரும்புகையைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எண்ணெய்க் குதம், பாதுகாப்பு என்று சேர்த்துச் சொன்னால் கேட், அடையாள அட்டை, பை சோதனை. (தமிழ்ப் பெயர் உள்ள அட்டையை நீட்டியவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும்.) உள்ளே போகிறவனால் குதத்துக்கு என்ன ஆபத்து என்று தேடத் தெரிந்த அளவுக்கு, உள்ளே போகிறவனுக்கு என்ன ஆகும் என்று நாங்கள் தேடவில்லை.

பெற்றோல் லேசான சாமான் இல்லை. மைனஸ் 40 பாகை அளவுக் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. கொழும்பு வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரம். மேலே கலைந்து போகாது, தரையோடு ஊர்ந்து வடிகாலிலும் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொள்ளும். பெற்றோல் ஏற்றிய அறையில் அடுத்த டிரிப்புக்கு டீசல் ஊற்றினால் இன்னொரு வில்லங்கம். மிச்ச ஆவி உள்ளே இருக்கும், பாயும் டீசல் மின்னேற்றத்தை உண்டாக்கும், ஒரு சின்னப் பொறி போதும். அதனால்தான் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப் மாட்ட வேண்டும், மெதுவாக ஏற்றத் தொடங்க வேண்டும், ஏற்றி முடிந்ததும் உடனே டிப் குச்சியை விடாமல் பொறுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவனுக்கு நேரம்தான் காசு. விதியைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதை மீறினால் மட்டும் வருமானம் கூடும்படி சம்பளத்தை வைத்துவிட்டு, பிறகு மீறியவனைப் பிடித்துக் கவனயீனம் என்றால் என்ன நியாயம்?

வெளிநாட்டில் பெரிய விசாரணை நடந்த இடங்களிலும் கதை இதுதான். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் குதம் 2005 டிசெம்பர் 11 காலை 6 மணிக்கு வெடித்தது. பெற்றோல் தாங்கியின் அளவுமானி இரவிலேயே சிக்கி நின்றுவிட்டது. தாங்கி நிரம்பி வழிவது யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் காவலாக இருந்த நிறுத்தும் சுவிட்சும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அதன் நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஒரு சின்னப் பூட்டு போடப்படவில்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலாக இருந்ததால் உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த அளவுமானி அதற்கு முந்திய மூன்று மாத காலத்தில் 14 தடவை சிக்கியிருந்தது. பதினாலு தடவை! அன்றிரவு ஷிஃப்டில் இருந்தவன் தலையில் இதை எப்படிக் கட்டுவது?

2009 ஒக்டோபர் 29இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் எண்ணெய்க் குதத்தில் நடந்தது இன்னும் கொடுமை. குழாயில் வால்வைத் திறந்தபோது பெற்றோல் பீறிட்டது. திறந்தவர் ஆவியில் மயங்கினார், காப்பாற்றப் போனவரும் மாட்டிக்கொண்டார். தூர நின்று மூடுவதற்கு வழி இல்லாததால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய பெற்றோல் கடைசியில் பற்றிக்கொண்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. விசாரணைக் குழு, வேலை செய்தவர் முறையைப் பின்பற்றவில்லை என்பதையும் எழுதியது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அந்த இடத்துக்கென்று எழுதி வைத்த நடைமுறை இல்லை, தூரத்திலிருந்து மூடும் வசதி இல்லை என்று அடிவேர் வரை போனது. எங்கள் படிவக் கட்டத்தில் முதல் வரிக்கு மட்டும்தான் இடம்.

சட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கவனயீனம்’ என்ற சொல்லைக் காட்டித்தான் ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம், குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே கட்டளையை மீறியது போன்றவற்றைத்தான் விலக்காக வைத்திருக்கிறது. கால் வழுக்கியது அதற்குள் வராது. அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. படிவம் எழுதிய எனக்கே தெரியாது. ஒப்பந்தக்காரர் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாம் எல்லோரும் வரிசையில் நின்றோமே, பவுசர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை லீற்றர் வரும் என்று போன் மேல் போன் போட்டோம். அதை ஓட்டி வருகிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று, இந்தத் தொழிலில் இருந்த நான்கூடக் கேட்கவில்லை.

மேலே ஏறாமலே அடியிலிருந்து ஏற்றும் பவுசர்கள் உலகத்தில் எப்போதோ வந்துவிட்டன. அது செலவு என்பார்கள், சரி. ஏணிக்கு மேல் ஒரு மடக்குக் கைப்பிடி வைக்கவும் வருடத்துக்கு இரண்டு சோடி சப்பாத்துக் கொடுக்கவும் எவ்வளவு ஆகும்? டிரிப் காசை நாட்சம்பளமாக மாற்றுவதுதான் கஷ்டம், அதற்குத்தான் சண்டை பிடிக்க வேண்டும்.

இந்தத் துறையில் இன்றைக்கு என் மேசையில் இருக்கும் தம்பி, தங்கச்சி யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள். எத்தனையாவது டிரிப், எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், பிடிக்கக் கம்பி இருந்ததா, மழையா. மேலாளர் வெட்டச் சொன்னால் அவரே வெட்டட்டும், வெட்டிய இடத்தில் கையெழுத்தும் வைக்கட்டும்.