பூட்டிய துப்பாக்கிக்குத் தெளிவான சட்டம் வேண்டும்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக வேண்டும் என்று வாக்களிப்பவர்களில் நானும் ஒருவன். என்னிடம் துப்பாக்கி இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, துப்பாக்கியைப் பூட்டிக் காரில் எடுத்துச் செல்கிறவர்கூட வழியில் ஓர் இரவு தங்கினால் குற்றவாளியாகலாம் என்ற இன்றைய நிலை, கட்டுப்பாட்டை ஆதரிக்கும் எங்கள் தரப்புக்குப் பெருமை சேர்க்கவில்லை.

வர்ஜீனியாவிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலையில் மேய்ன் வரை போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை. நடுவில் வரும் நியூ ஜெர்சியிலோ, உரிமமும் சட்டவிலக்கும் இல்லாமல் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டால் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம். அடுத்துள்ள நியூயார்க்கில் 1911-ஆம் ஆண்டின் சல்லிவன் சட்டம் முதற்கொண்டே கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். காலையில் சட்டத்துக்கு உட்பட்டிருந்த அதே பொருள், நண்பகலுக்குள் சிறைக்கு அனுப்பக்கூடியதாகிவிடுகிறது.

இந்த முரண்பாட்டைச் சமாளிப்பதற்காகத்தான், 1986-இல் அன்றைய அதிபர் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில், 926-ஏ என்று இன்று குறிக்கப்படும் பிரிவு இடம்பெற்றது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் உடன் கொண்டு செல்லவும் சட்டப்படி உரிமை உள்ளவர், இடைப்பட்ட மாநிலங்களின் சட்டம் எதுவாக இருந்தாலும் அவற்றைக் கடந்து போகலாம் என்கிறது அது. துப்பாக்கியில் தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்.யூ.வி. போன்ற வண்டிகளில் இரண்டையும் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். கிளவ் பாக்ஸையோ இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கன்சோலையோ பூட்டி வைத்தாலும் அது பெட்டியாகக் கணக்கில் வராது. பலர் கவனிக்கத் தவறும் நிபந்தனை, போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. நியூயார்க்கைக் கடந்து வெர்மான்ட் போகிறவருக்கு இந்தப் பிரிவு துணை நிற்கும். உரிமம் இல்லாமல் நியூயார்க்கில் உள்ள மைத்துனர் வீட்டுக்கே போகிறவருக்கு நிற்காது.

இவ்வளவையும் எழுதிய சட்டம், வழியில் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பெட்ரோல் போட நிற்கலாமா, சாப்பிட இறங்கலாமா, தூக்கம் கண்ணைக் கட்டினால் விடுதியில் அறை எடுத்துப் பெட்டியை உள்ளே கொண்டுபோகலாமா என்ற கேள்விகளுக்கு அதன் வாசகத்தில் விடை இல்லை. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் புறப்பட்ட ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியுடன் ஓர் இரவு விடுதியில் தங்க நேர்ந்தது. மறுநாள் விமான நிலையத்தில் விதிப்படி அவரே துப்பாக்கியைப் பற்றி அறிவித்தார், கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், விடுதியில் இருந்த நேரத்தில் துப்பாக்கி அவருக்குக் கைக்கு எட்டும்படி இருந்ததால் 926-ஏ பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தவறு ஏதும் இல்லாமலே இக்கட்டில் சிக்கினார் என்பதையும் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். விமானப் பயணியின் வழக்குதான் என்றாலும், நள்ளிரவில் கார் ஓட்டிக் களைத்தவருக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும்.

அதே ஆண்டில் நியூயார்க்கில் உள்ள இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பிரிவை மீறிக் கைது செய்ததாகக் கூறிக் காவலர்கள் மீது கூட்டாட்சிக் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாது என்றது. ஆகவே இந்தப் பாதுகாப்பு, கைதாகி நீதிமன்றம் ஏறிய பிறகு எடுத்துச் சொல்லும் வாதமாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

துப்பாக்கி ஆதரவாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் வழக்கு வேறொன்று. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், நியூ ஜெர்சியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது, தன்னிடம் பென்சில்வேனியா உரிமமும் கைத்துப்பாக்கியும் இருப்பதாகத் தானாகவே சொன்னார், வழக்கு பாய்ந்தது, 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். அந்தப் பெண்மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அவர் கைப்பையில் இருந்தது தோட்டா நிரப்பிய துப்பாக்கி. 926-ஏ அவருக்குப் பொருந்தாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்பது அந்த வழக்கு எழுப்பும் கேள்வி. பூட்டிய பெட்டியின் கேள்வி வேறு. இரண்டையும் குழப்பித்தான், எந்த மாநில உரிமமும் நாடு முழுவதும் செல்லும் என்ற மசோதாவை 2017-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள். அது செனட்டில் நின்றுபோனது. நின்றது நல்லதே. நியூயார்க்கின் தெருவில் யார் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் நடக்கலாம் என்பதை வேறொரு மாநிலத்தின் தளர்ந்த விதி முடிவு செய்யக் கூடாது.

அதற்காக எங்கள் தரப்பு செய்ததெல்லாம் சரி என்று ஆகாது. வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும் உரிமம் பெற்றவர்கள், பூட்டிய பெட்டியில்கூடத் துப்பாக்கியை நகரத்துக்கு வெளியே உள்ள தங்கள் இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று நியூயார்க் நகரம் விதி வைத்திருந்தது. அதனால் யாருடைய உயிர் காக்கப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட பிறகே, 2019-இல் நகரம் அந்த விதியைத் திருத்தியது. தேவையற்ற விதிக்காக வாதாடி, தேவையான விதிகளின் மதிப்பையும் குறைத்துக்கொண்டோம்.

என் பார்வையில் 926-ஏ பிரிவுக்கு ஒரு சிறிய திருத்தம் போதும்: எரிபொருள், உணவு, உறக்கம், வண்டிப் பழுது ஆகியவற்றுக்காக நியாயமாகத் தேவைப்படும் நிறுத்தங்கள் பயணத்தில் அடங்கும்; பெட்டி மட்டும் பூட்டியே இருக்க வேண்டும். சுடுதளத்துக்குப் போய்வரும் தன் குடிமக்களுக்கு, சூழ்நிலைக்கு நியாயமாகத் தேவைப்படும் விலகல்களை நியூ ஜெர்சியின் சொந்தச் சட்டமே அனுமதிக்கிறது. அதே அளவுகோலைக் கடந்து போகிற வெளிமாநிலத்தவருக்கும் நீட்டினால் எந்த மாநிலத்தின் கட்டுப்பாடும் தளர்ந்துவிடாது.

இங்கே வாழும் நம்மவர்களுக்கு இதில் தனி அபாயம் இருக்கிறது. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. தடைக்கு உட்பட்டவருக்கு 926-ஏ எந்த வகையிலும் உதவாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டப்படி அதுவே நாடுகடத்தலுக்கு உரிய காரணமாகிவிடும். அமெரிக்கக் குடிமகன் தண்டனையை முடித்துவிட்டு வீடு திரும்பலாம். கிரீன் கார்டுடன் இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவருக்கு அந்த வீடே இல்லாமல் போகக்கூடும்.