பறை காய்ச்சுவது சடங்கு அல்ல
மேடையேறும் முன் பறையைத் தீயில் காட்டுவது வெறும் சடங்கு என்று சிலர் எழுதுவது தவறு. சூட்டில் தோலை இறுக்கிச் சுருதி சேர்ப்பதே அதுதான். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிட்டால் கணீரென்று தெறிக்க வேண்டிய அடி தொப்பென்று விழும். இடக்கையின் நீள மூங்கில் சிம்புக்குச்சி எழுப்பும் மெல்லிய ஓசைதான் முதலில் செத்துப்போகும், வலக்கை அடிக்குச்சி மட்டும் மந்தமாகக் கேட்கும். வைக்கோல் தீயில் தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஓரிடத்திலேயே பிடித்தால் கருகி, வேகமான அடியில் கிழிந்துவிடும். விரலால் சுண்டிப் பார்த்தாலே பதம் தெரியும். தோலுக்குப் பதில் செயற்கைப் பரப்பு கொண்ட ஃபைபர் பறை போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மழைக்கு உதவும், ஆனால் தோலின் கார்வை (அடித்தபின் நீடிக்கும் ஒலி) அதில் வராது. மூடிய அரங்கில் நிகழ்ச்சி வைப்பவர்கள் வெளியே காய்ச்ச இடமும், நடுவில் மறுபடி காய்ச்ச நேரமும் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.