யார்தான் இங்கே இன்ஜினியர் இல்லை?

ஏசி கூலிங் ஆகவில்லை என்று போன் செய்தால், "நாளைக்கு எங்க இன்ஜினியர் வருவார் சார்" என்கிறார்கள். வந்தவர் ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு பில்லை நீட்டுகிறார். நல்ல வேலைக்காரர்தான், அவரைச் சொல்லவில்லை. மெக்கானிக் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர் சேல்ஸ் இன்ஜினியராம். ஏஐயிடம் கேள்வி கேட்பவர் ப்ராம்ப்ட் இன்ஜினியராம்!

சரி, இங்கிலீஷ்காரர்களாவது ஒழுங்கா? அமெரிக்காவில் ரயில் ஓட்டுபவர் இன்ஜினியர். பிரிட்டனில் அதே ஆள் வெறும் டிரைவர். அங்கே பாய்லர் ரிப்பேர் பார்க்க வருபவர்தான் இன்ஜினியர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இன்னும் கூத்து. எலக்ட்ரிகல் படித்த ஒருவர், மஞ்சள் சிக்னல் எரியும் நேரக் கணக்கே தப்பு என்று எழுதி, தன்னை இன்ஜினியர் என்றும் சொல்லிக்கொண்டார். லைசென்ஸ் இல்லையாம், 500 டாலர் அபராதம்! (அப்புறம் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார், அது வேறு.)

இன்ஜினியர் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் 'இன்ஜெனியம்', புத்திக்கூர்மை. இடைக்காலத்தில் கோட்டைச் சுவரை உடைக்கக் கல்லெறியும் பொறி செய்தவனுக்கு இந்தப் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பாலமும் கால்வாயும் கட்டியவர்கள், நாங்கள் ராணுவம் இல்லை என்று காட்டத்தான் முன்னால் 'சிவில்' ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த சிவிலை நாலு வருஷம் படித்து, அரியர் எல்லாம் க்ளியர் செய்து, இப்போது பிரியாணி டெலிவரி செய்யும் பக்கத்து வீட்டுப் பையனை மட்டும் ஏன் ஒருத்தரும் இன்ஜினியர் என்று கூப்பிடுவதில்லை?