சோதனையைச் செய்தவர்கள் கைகரும் மார்ஸ்டனும்
'1911இல் ரூதர்ஃபோர்டு தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தி அணுக்கருவைக் கண்டுபிடித்தார்' என்று அணுவைப் பற்றிய இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்தத் துகள்கள் (கதிரியக்கப் பொருள்களிலிருந்து வேகமாக வெளிவரும் நேர்மின் துகள்கள்) தகட்டில் பட்டுத் திரும்பி வருவதை மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் 1909இலேயே பார்த்தவர்கள் கைகரும் மார்ஸ்டனும். மார்ஸ்டனுக்கு அப்போது 20 வயது, இன்னும் மாணவர்தான். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்து, துகள் படும்போது துத்தநாக சல்பைடு திரையில் மின்னி மறையும் ஒளிப் பொட்டுகளை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தங்கம் மட்டுமா, ஈயம், செம்பு, அலுமினியம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8,000 துகளுக்கு ஒன்று திரும்பி வந்தது. அதற்கு என்ன பொருள், அதாவது அணுவின் நடுவே மிகச் சிறிய, கனமான கரு இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னதுதான் ரூதர்ஃபோர்டின் 1911 ஆய்வுக்கட்டுரை. அது மிகப் பெரிய வேலை, மறுக்கவில்லை. மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் 'பரீட்சைக்கு ஒரு பெயர் போதுமே' என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மும்பை செம்பூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மார்ஸ்டனின் வயதைச் சொன்னதும் கடைசி வரிசைப் பையன் ஒருவன், "அப்போ எங்க அண்ணன் வயசுதான் சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் திரை எதற்கு, தகடு எவ்வளவு மெல்லிசு, கண் வலிக்காதா என்று கேள்வி மேல் கேள்வி. தயவுசெய்து அந்த இரண்டு பெயர்களையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.